சித்திரை வெயிலும் பன் மாவும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

வீட்டில் பேக்கிங் செய்வது மனதுக்கு ஓய்வு என்று ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை சரிதான். மாவு பிசையும் பத்து நிமிடம் செல்போனைத் தொட முடியாது. பாதி நிம்மதி அதிலேயே வந்துவிடும். ஆனால் கூடவே தந்திருந்த பன் செய்முறையைத் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சித்திரை வைகாசியில் அப்படியே செய்தால், இருக்கிற நிம்மதியும் போகும்.

"வெதுவெதுப்பான நீரில் ஈஸ்ட் கரைத்து, ஒன்றரை மணி நேரம் மூடி வைக்கவும்" என்பது குளிர்ந்த ஊர்க் கணக்கு. நம் அடுப்படி மதியத்தில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கோடையில் இட்லி மாவு நேரத்துக்கு முன்பே பொங்கி வழிவது போலத்தான் இதுவும். முக்கால் மணியிலேயே மாவு இரண்டு பங்காகிவிடும். அதற்கு மேலும் விட்டால் இழுவை தளர்ந்து, புளித்த நெடி அடிக்கும். ஓவனில் வைத்ததும் பன் அமுங்கிவிடும். ஈஸ்ட் சரியில்லை என்று நினைத்து அடுத்த முறை கூடுதலாகப் போடுகிறார்கள். குறைக்க வேண்டிய இடம் அது.

வெயில் காலத்துக்கு அரை கிலோ மைதா, உப்பு 9 கிராம், சர்க்கரை 30, வெண்ணெய் 30, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம் போதும். மழைக்காலத்தில் ஈஸ்ட் 5 கிராம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து சூடாக வரும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஃபிரிட்ஜ் தண்ணீர் 270 மில்லி ஊற்றிப் பிசைந்து, தேவைப்பட்டால் இன்னும் 15, 20 மில்லி சேர்க்கலாம். ஐப்பசி கார்த்திகையில் மைதாவே ஈரம் வாங்கியிருக்கும், அந்தக் கூடுதல் தேவைப்படாது. ஒரு சிட்டிகை மாவை விரல்களால் விரித்தால், கிழியாமல் வெளிச்சம் தெரிய வேண்டும். அதுவரை பிசைய வேண்டும்.

கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்புங்கள். உருட்டி வைத்த பன்னை லேசாக அழுத்தினால், குழி மெதுவாகப் பாதி எழும்பினால் ஓவனுக்குத் தயார். உடனே எழும்பினால் பொறுக்கலாம். எழும்பவே இல்லையென்றால் நேரம் தாண்டிவிட்டது; காற்றை இறக்கி மறுபடி உருட்டி, முன்னைவிடக் குறைந்த நேரம் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கும்.

இந்த அளவுக்கு 60 கிராம் பன் 14 வரும். சின்ன ஓவனில் ஒரே ஈட்டில் வேகாது. முதல் தட்டு உள்ளே இருக்கும் 20 நிமிடத்தில், வெளியே இருக்கும் இரண்டாம் தட்டு அளவு மீறிப் பொங்கிவிடும். அதை உருட்டியவுடன் ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. சூடு 180 டிகிரி. சின்ன ஓவனில் மேலே சூடாகும் கம்பி பன்னுக்குப் பக்கத்தில் இருப்பதால் உள்ளே வேகுமுன் மேலே கருகும். தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் மூடலாம்.

ஓவன் இல்லாவிட்டால் குக்கரில் செய்யலாம் என்று அந்தக் கட்டுரையில் சொன்னது எனக்கு உடன்பாடில்லை. தண்ணீரில்லாமல் காய்ந்தால் குக்கர் வீணாகும். பழைய கனமான அடிப் பாத்திரம் போதுமே.

இனி செய்முறை வெளியிடும்போது கப் அளவோடு கிராமையும் போடுங்கள். ஒரே கப்பில் மைதாவை அள்ளினால் ஓர் எடை, கரண்டியால் நிரப்பினால் வேறு எடை. எத்தனை டிகிரி அறை வெப்பத்துக்கான நேரம் என்பதையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.