குச்சி யார் கையில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கிராம வரைபடங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். செயற்கைக்கோள் படமும் கைப்பேசியும் வந்துவிட்ட காலத்தில், ஊர்க்காரர்களைத் தரையில் உட்காரவைத்துக் கோடு போடச் சொல்வது வீண்வேலை என்பதுபோல எழுதியிருந்தார் கட்டுரையாளர். பல ஆண்டுகள் களத்தில் இந்த வேலையைச் செய்தவன் நான். மறுத்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேலிருந்து எடுத்த படத்தில் கிணறு தெரியும். அது எந்த மாதம் வற்றும், அதில் யார் தண்ணீர் எடுக்கலாம், யாரைப் பக்கத்தில் விடமாட்டார்கள் என்பதெல்லாம் ஊரில் இருப்பவர்கள் சொன்னால்தான் தெரியும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வரைபடம் போடுவார்களா என்ற சந்தேகம் படித்தவர்களுக்கு வெகுநாள் இருந்தது. 1980-களின் கடைசியில் அது உடைந்தது. குஜராத்தில் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டம், கர்நாடகத்தில் மைராடா ஆகிய தொண்டு நிறுவனங்கள் கிராமத்து மக்களையே தங்கள் ஊரை வரையச் சொன்னபோது, தெரு, வீடு, மேடு, பள்ளம், நீரோட்டம் எல்லாம் தரையில் வந்து விழுந்தன. இங்கிலாந்தின் சசெக்ஸில் இருந்த ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் இந்த அனுபவங்களைத் தொடர்ந்து எழுதி உலகுக்குச் சொன்னார். பி.ஆர்.ஏ. என்று களப்பணியாளர்கள் சொல்லும் பங்கேற்பு ஊரக மதிப்பீடு அப்படித்தான் பரவியது. அதில் அவர் வலியுறுத்திய ஒரு விஷயம்: தரையில் கோடு போடும் குச்சியை ஊர்க்காரர்கள் கையில் கொடுங்கள். வெளியாள் வாய்மூடி உட்காரவேண்டும். சொல்ல எளிது, செய்வதற்குக் கஷ்டம். முதல் சில முறை என்னால் சும்மா இருக்க முடிந்ததில்லை.

தரையில் வரைவதற்கும் தாளில் வரைவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தாளையும் பேனாவையும் கொடுத்தால் நாலு எழுத்துப் படித்தவர் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்வார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மண்ணில் கல்லையும் இலையையும் வைத்துப் போடும் படத்தை யார் வேண்டுமானாலும் கலைக்கலாம். ஒரு பாட்டி குனிந்து, "அது இங்கே இல்லப்பா, இந்தப் பக்கம்" என்று கல்லை நகர்த்திவைப்பார். அந்த இடத்தில் ஒரு வாக்குவாதம் தொடங்கும். எனக்கு வரைபடத்தைவிட அந்த வாக்குவாதம்தான் முக்கியம்.

ஒரு ஊரில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக வரையச் சொன்னோம். ஆண்கள் ஊர் எல்லையிலும் சாலையிலும் ஆரம்பித்தார்கள். பெண்கள் முதலில் வைத்தது தண்ணீர்க் குழாய். வீடுகளிலிருந்து குழாய்க்குப் போகும் வழியை நேராகப் போடாமல், பாதியில் வளைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஏன் என்று கேட்டோம். நடுவில் ஒரு வாய்க்கால், மழைக்காலத்தில் தாண்ட முடியாது, குடத்தோடு சுற்றித்தான் வரவேண்டும் என்றார்கள். ஆண்களின் படத்தில் அந்த வாய்க்காலே இல்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு யாரும் பேசிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. வாய்க்கால்மேல் ஒரு பலகைக்கல் போட ஊரே சேர்ந்தது. ஊர் முழுவதையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே படம் போட்டிருந்தால் அந்தச் சுற்றுவழி எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

வரைபடம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வங்கதேசத்தைச் சொல்லலாம். ராஜ்ஷாஹி பகுதியில் மோஸ்மொயில் என்ற கிராமத்தில் 2000-ஆம் ஆண்டு கமல் கார் என்ற வளர்ச்சிப்பணி ஆலோசகர் தொடங்கிவைத்த சுகாதார முறைக்கு அச்சாணியே தரையில் போடும் படம்தான். தங்கள் வீடு எது என்று ஒவ்வொருவரும் காட்டுவார்கள். பிறகு, திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடங்களில் மஞ்சள் பொடியைத் தூவச் சொல்வார்கள். குடிநீருக்கு எவ்வளவு பக்கத்தில் மஞ்சள் கிடக்கிறது என்பதை மக்களே பார்ப்பார்கள். கழிப்பறை கட்டுங்கள் என்று யாரும் உபதேசம் செய்வதில்லை.

கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேரளத்தில் கல்யாசேரி பஞ்சாயத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஊர்த் தொண்டர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து நிலத்தையும் நீரையும் வரைபடமாக்கினார்கள். 1996-இல் அந்த மாநிலம், உள்ளூர் மக்களே தங்கள் ஊருக்கான திட்டங்களைத் தீட்டும் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது இந்த மாதிரி அனுபவங்கள் கைகொடுத்தன. வன உரிமைச் சட்டத்தில் ஒரு சமூகம் தன் காட்டின் எல்லையைக் காட்ட ஜி.பி.எஸ். கருவி நன்றாக உதவுகிறது. எல்லையில் நடந்து காட்டுவது ஊர்க்காரர்கள், அளந்து குறிப்பது கருவி. அந்த வரிசை மாறக்கூடாது.

கட்டுரையாளர் தொடாத ஓர் ஆபத்தும் உண்டு. எதையெல்லாம் வரையலாம் என்பதை ஊர்தான் முடிவு செய்யவேண்டும். மூலிகை கிடைக்கும் இடத்தையும் யாருக்கும் தெரியாத ஊற்றையும் படத்தில் போட்டுவிட்டால் நாளைக்கே வெளியாட்கள் வந்து நிற்பார்கள். எந்த வீடு ஏழை வீடு என்று குறித்த படத்தைப் பொதுச்சுவரில் மாட்டியதையும் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் தினமும் போகவேண்டியிருந்தது. அதைச் செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் செய்திருக்கக்கூடாது.

அப்புறம், படம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி. அதிகாரிகளும் தொண்டு நிறுவனத்தாரும் தரையில் போட்டதைத் தாளில் படியெடுத்துக்கொண்டு வண்டியேறிவிடுகிறார்கள். மாலை ஆடு மாடு வந்து தரையை மிதித்துவிட்டால் ஊருக்கு ஒன்றும் மிச்சமில்லை. தாளில் எடுத்த முதல் பிரதி ஊரில் இருக்கவேண்டும், வெளியார் நகலைக் கொண்டுபோகட்டும். அடுத்த ஆண்டு அதே ஆட்களே அதை விரித்துவைத்து எது மாறியது, எது மாறவில்லை என்று பார்க்கவேண்டும். படம் போடவைத்துவிட்டுத் திரும்பியே வராதவர்களால், நிஜமான அக்கறையோடு அடுத்து வருபவர்களையும் ஊர் நம்பாமல் போகிறது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பொருளில் அடுத்த கட்டுரை வரும்போது, ஊர்ப் பெண்கள் போட்ட ஒரு வரைபடத்தையாவது, அந்த ஊர் சம்மதித்தால், முழுப் பக்கத்தில் அச்சிடுங்கள். ஓர் ஆண்டு கழித்து அந்த ஊருக்கே உங்கள் நிருபரை மறுபடியும் அனுப்புங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்