தண்டுவட ஆராய்ச்சிக்குச் செல்லும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். நரம்பியல் அறுவை சிகிச்சையையும் தண்டுவட ஆராய்ச்சியையும் சேர்த்தே மேற்கொள்ளப்போவதாகவும், முடங்கியவர்களை எழுந்து நடக்கவைப்பதே உன் இலக்கு என்றும் எழுதியிருந்தாய். இலக்கில் குறையில்லை. ஆனால், மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில், நடையை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளாதே என்று சொல்வேன்.

கழுத்தில் ஐந்தாம் தண்டுவட நரம்பு வரை மட்டும் தப்பியவர் முழங்கையை மடக்குவார், மணிக்கட்டு தொங்கிவிடும். ஆறாவதும் தப்பியிருந்தால் மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கலாம். அப்படித் தூக்கும்போது, செயலிழந்த விரல்களின் தசைநாண்கள் இழுபட்டு, கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தானாக வந்து ஒட்டும். அந்த இடுக்கில் பேனாவையோ கரண்டியையோ பிடிக்க முடியும், சிலருக்குச் சிறுநீர்க் குழாயைத் தாமே செருகிக்கொள்ளவும் அதுவே போதும். ஏழாவதும் இருந்தால் முழங்கையை நீட்டி, கையை ஊன்றி, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறலாம். இப்படி ஒரு நரம்பு கூடுதலாகச் செயல்படுவது, ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையில் ஒரு மட்ட முன்னேற்றம், அவ்வளவுதான். 2004இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், கைகால் நான்கும் முடங்கியவர்கள் முதலில் கேட்டது கைகளைத்தான்.

முதிர்ந்த தண்டுவடத்தின் நரம்பிழைகள் அறுபட்டால் மீண்டும் வளரா என்ற எண்ணத்தை 1981இல் மான்ட்ரியாலில் சாமுவேல் டேவிடும் ஆல்பர்ட் அகுவாயோவும் அசைத்தார்கள். எலியின் கால் நரம்புத் துண்டைப் பாலமாக வைத்தபோது இழைகள் அதனுள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. ஆனால் மறுமுனையில் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் ஓரிரு மில்லிமீட்டரில் நின்றுவிட்டன. அந்த மில்லிமீட்டர்களில்தான் இத்துறை இன்றும் போராடிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டால் என்னவாகும் என்பதற்கு, தண்டுவடக் காயத்துக்குக் கொடுக்கப்பட்ட மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சாட்சி: 1990இல் வெளியான ஆய்வை நம்பி உலகெங்கும் செலுத்தப்பட்ட அந்த மருந்தை, 2013இல் அமெரிக்க நரம்பியல் அறுவை சிகிச்சை வழிகாட்டுதல் பரிந்துரைக்க மறுத்துவிட்டது.

எலியை வைத்துத் தொடங்கப்போகிறாய் என்பதால் இன்னொன்று. எலியில் மூளைப் புறணியிலிருந்து (மூளையின் மேலடுக்கு) இறங்கும் முதன்மை நரம்புப் பாதை தண்டுவடத்தின் முதுகுப்புறத்தில் ஓடுகிறது, மனிதரில் பக்கவாட்டில். அதனால் ஒரே இடத்துக் காயம் இருவரிடமும் ஒரே இழப்பைத் தராது. மார்பு மட்டத்தில் காயமேற்படுத்திப் பின்னங்கால் நடையை அளப்பது வசதியானது என்பதால் பல ஆய்வகங்கள் அதையே செய்துவருகின்றன (என் பார்வையில் இது சோம்பலும்கூட). மனிதரிலோ கழுத்துக் காயங்களே மிகுதி. வழிகாட்டி சம்மதித்தால் நீ கழுத்தை எடுத்துக்கொள். எலி முன்னங்காலால் தீனியை எப்படிப் பற்றுகிறது என்பதை அளந்து பார்.

அன்புடன்,
அண்ணன்