கிடைத்த நிதியுதவி நிலைக்க: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் சங்கங்களில் கல்லூரி வழிகாட்டல் கூட்டங்களை நடத்தும் பெரியோர்க்கு, வணக்கம்.

இலையுதிர் காலத்தில் நீங்கள் நடத்தும் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்துதான் நானும் என் மகளும் அமெரிக்கக் கூட்டரசின் கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை நிரப்பக் கற்றுக்கொண்டோம். 2023-24 கல்வியாண்டில் அவளுக்குத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் கிராண்ட் என்னும் உதவித்தொகை கிடைத்து, வீட்டுக்கு அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தாள். அந்த நன்றி மாறாமல்தான் எழுதுகிறேன். உதவி எப்படிக் கிடைக்கும் என்று இரண்டு மணி நேரம் பொறுமையாக விளக்கிய அந்தக் கூட்டத்தில், கிடைத்த உதவி எதனால் நின்றுபோகும் என்பதை யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

கூட்டரசின் நிதியுதவி பெறும் மாணவர் 'திருப்திகரமான கல்வி முன்னேற்றம்' காட்டியாக வேண்டும். கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் இதைச் சுருக்கமாக 'சாப்' என்கிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் சராசரி மதிப்பெண், அதாவது ஜிபிஏ, நான்குக்கு 2.0-க்குக் குறையக் கூடாது. எடுத்த கிரெடிட்டுகளில் (ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய அலகுகள்) ஏறத்தாழ 67 விழுக்காடு தேறியிருக்க வேண்டும். பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டுகளைப்போல் ஒன்றரை மடங்குக்குள், அதாவது 60 கிரெடிட் படிப்பென்றால் 90-க்குள், முடிக்க வேண்டும். நம் வீடுகளில் முன்னேற்றம் என்றால் மதிப்பெண் மட்டுமே. எங்கள் காலை வாரியதோ இரண்டாவது விதி.

முதல் செமஸ்டரில் என் மகள் 15 கிரெடிட் எடுத்து அனைத்திலும் தேறினாள். இரண்டாவது செமஸ்டரின் நடுவில் என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்தவள், பதினைந்தில் 12 கிரெடிட்டுக்குரிய நான்கு பாடங்களை விட்டு விலகினாள். விலகியதைக் குறிக்கும் 'டபிள்யூ' விழுந்தால் ஜிபிஏ குறையாது என்று தோழிகள் சொன்னார்கள், அது உண்மைதான். ஆனால் முன்னேற்றக் கணக்கில் அந்த 12 கிரெடிட்டும் எடுத்தவையாகச் சேர்ந்தன, தேறியவையாகச் சேரவில்லை. முப்பதுக்குப் பதினெட்டு, 60 விழுக்காடு. ஜிபிஏ 3.4 இருந்த பெண்ணுக்கு உதவி நிறுத்தப்பட்டதாகக் கடிதம் வந்தபோது, வேறு யாருக்கோ வர வேண்டியது மாறி வந்துவிட்டது என்றே நினைத்தோம்.

ஒவ்வொரு செமஸ்டரும் கணக்குப் பார்க்கும் கல்லூரி, முதல்முறை சறுக்கும் மாணவரை எச்சரித்துவிட்டு அடுத்த செமஸ்டருக்கு உதவியைத் தொடர விதியில் இடமுண்டு. ஆண்டுக்கொரு முறை மட்டும் பார்க்கும் கல்லூரிக்கு அந்த வழி கிடையாது. எங்கள் கல்லூரி இரண்டாம் வகை.

மிஞ்சியது மேல்முறையீடு. நெருங்கிய உறவினரின் மரணம், மாணவரின் நோய் அல்லது காயம், வேறு சிறப்புச் சூழல் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டலாம்; ஏன் தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். என் மகள் முதலில் எழுதிய கடிதத்தில் 'குடும்பச் சூழல் காரணமாகப் படிக்க இயலவில்லை, மன்னிக்கவும்' என்பதற்கு மேல் ஏதுமில்லை. அப்படி எழுதச் சொன்னவள் நான். வீட்டு நோயை வெளியாரிடம் விரித்துச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். கையேந்துவதுபோல் இருக்குமோ என்றும் கூசினேன். மறுத்துவிட்டார்கள். அலுவலகம் கேட்டது மன்னிப்பை அல்ல, சான்றை. மீண்டும் விண்ணப்பிக்க அந்தக் கல்லூரி அனுமதித்ததால், அறுவை சிகிச்சை நாள், மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, என் கணவர் வேலைக்குத் திரும்பிய தேதி, அடுத்த செமஸ்டருக்கு அவள் வகுத்த பாடத்திட்டம் எல்லாவற்றையும் வைத்து எழுதினாள். ஒரு செமஸ்டர் புரபேஷன், அதாவது நிபந்தனையோடு உதவி தொடரும் வாய்ப்பு, கிடைத்தது. இடையில் ஒரு செமஸ்டர் கட்டணத்தைக் கைப்பணத்திலிருந்து கட்டியிருந்தோம்.

விதியே அநியாயம் என்று நான் வாதிட வரவில்லை. பெல் கிராண்டாக ஆண்டுக்கு 7,395 டாலர் வரை தரும் பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது முறைதான். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரியாமல் பிள்ளைகள் அகப்படுவதுதான் என் கவலை. கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மாணவர் தனியுரிமைக்கான 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது. அறிவிப்புகள் அவர்களின் கல்லூரி மின்னஞ்சலுக்கு வரும், பெற்றோருக்கு வராது. பயந்த பிள்ளை அதை மூடிவைத்தால் வீட்டில் தெரிய மாதங்கள் ஆகும்.

எச்-1பி வேலை விசாவில் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்குக் கூட்டரசு உதவி இல்லை என்பதால் இந்தப் பேச்சு எல்லாருக்கும் பொருந்தாது என்று நீங்கள் எண்ணலாம். பொருந்துகிறவர்கள் பெரும்பாலும் பணம் இறுகிய வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு செமஸ்டர் உதவி நின்றாலே படிப்பு நின்றுவிடக்கூடும்.

ஆகவே உங்கள் கூட்டத்தில் இதற்கென அரைமணி நேரம் ஒதுக்க வேண்டுகிறேன். ஒரு பாடத்தை விடுமுன் நிதியுதவி அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்பதையும், கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும் என்பதால் தங்கள் கல்லூரியின் விதியைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே படித்துவிட வேண்டும் என்பதையும் பிள்ளைகளின் காதில் போடுங்கள். மேல்முறையீடு எழுத உதவும் ஓரிருவரை உங்கள் குழுவிலேயே வைத்திருங்கள். நோயையும் இழப்பையும் எழுதுவதில் வெட்கமில்லை என்று எங்களைப் போன்ற பெற்றோருக்குச் சொல்ல நம்மவர் ஒருவர் வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வர என் மகள் சம்மதித்திருக்கிறாள். மறுக்கப்பட்ட கடிதத்தையும் ஏற்கப்பட்ட கடிதத்தையும் பெயர்களை மறைத்து, அருகருகே வைத்துக் காட்டுவாள்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய்