வாளும் கோப்பையும் தவிர

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றவற்றைப் படித்தேன். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் புத்தகத்தைத் தொடாதே. இதை மட்டும் மீனாட்சியைப் படித்துக்காட்டச் சொல். மதுரை வீட்டை விற்பது பற்றிக் கேட்டிருந்தாய். அவசரப்படாதே, தம்பி பங்கு தீராமல் முன்பணம் வாங்கிவிடாதே.

இங்கே போலந்தின் கிராக்கோ நகரில் மகன் வீட்டில் எல்லோரும் நலம். பேத்தி பள்ளியில் ஒரு பழமொழி கற்றுக்கொண்டு வந்து நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். போலந்துக்காரனும் ஹங்கேரிக்காரனும் அண்ணன் தம்பி. வாள் பிடித்தாலும் சேர்ந்தே, கோப்பை பிடித்தாலும் சேர்ந்தே என்பது அதன் கருத்து. இந்த நட்புக்கென்று மார்ச் 23ஆம் தேதியை இரு நாட்டு நாடாளுமன்றங்களும் 2007இல் ஒதுக்கிவைத்திருக்கின்றன. நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு வளர்க்கும் நட்பு என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான், உனக்குத் தெரியும். அதனால்தான் லயோஷ் ஹோப் என்ற ஹங்கேரிய இலக்கிய வரலாற்றாசிரியரின் ஆய்வுகளைத் தேடிப் போனேன். 1996இல் மறைந்தவர்; புடாபெஸ்டில் அறிவியல் அகாடமியின் இலக்கிய ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். ஹங்கேரிய மொழி எனக்கு வராது. சுருக்கங்களையும் கணினி மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறித்தான் படிக்கிறேன்.

துருக்கியரைத் தடுக்கும் கிறிஸ்தவ உலகின் அரண் நாங்களே என்று ஹங்கேரியரும் சொன்னார்கள், போலந்தாரும் சொன்னார்கள். இந்த எண்ணம் இரு நாட்டு மறுமலர்ச்சிக்கால அறிஞர்களின் எழுத்தில் எப்படி வளர்ந்தது என்பதைத்தான் ஹோப் 1992இல் ஒரு நூலாக எழுதினார். எனக்கென்னவோ அந்த அரண் பேச்சு பாதி வீரம், பாதி விண்ணப்பம் என்றே படுகிறது. சுவர் நாங்கள், எனவே செலவை நீங்கள் கொடுங்கள் என்று மேற்கு நாட்டு அரசவைகளிடம் கேட்பதற்கு அது வசதியாக இருந்தது. அரண் அரண் என்று முழங்கிய போலந்து 1533இல் சுல்தானோடு நிரந்தர சமாதானம் செய்துகொண்டது. ஹங்கேரியராகப் பிறந்து போலந்தை ஆண்ட, போலந்து இன்றும் கொண்டாடும் மன்னர் ஸ்டெஃபான் பாத்தோரி யார் தெரியுமா? பழைய ஹங்கேரியின் கிழக்குப் பகுதியான, சுல்தானுக்குக் கப்பம் கட்டிய டிரான்சில்வேனியாவின் இளவரசர். 1575இல் அவர் போலந்து அரியணைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதைத் துருக்கியர் விரும்பவே செய்தார்கள்.

அவர் கல்லறையை இங்குள்ள வாவெல் பேராலயத்தில் பார்த்தேன். கவசம் அணிந்த மன்னர் மல்லாந்து கிடக்கவில்லை. முழங்கையை ஊன்றி ஒருக்களித்திருக்கிறார், யாரோ கூப்பிட்டால் எழுந்துவிடுவார் போல. சாந்தி குச்சி என்ற இத்தாலியச் சிற்பியைக் கொண்டு அதைச் செய்வித்தவர் அரசி அன்னா. 1576இல் திருமணத்தன்று அவருக்கு வயது 52, மாப்பிள்ளைக்கு 42. அரசர் போலிஷ் கற்கவே இல்லை. லத்தீனில் பேசியே பத்து ஆண்டுகள் ஆண்டுவிட்டார். கணவருக்கு இவ்வளவு செய்த அன்னா அவர் பக்கத்தில் இல்லை. தம் பிறந்த குடும்பத்தாரோடு அதே பேராலயத்தின் சிகிஸ்முண்ட் சிற்றாலயத்தில் இருக்கிறார்.

அச்சுக்கூடக் கதை உனக்குப் பிடிக்கும். புடாவில் 1473இலேயே ஒரு அச்சகம் இருந்தது; நிலைக்கவில்லை. ஆகவே முழுக்க ஹங்கேரிய மொழியில் அமைந்த முதல் அச்சு நூல் இந்த கிராக்கோவில்தான் வெளிவந்தது: 1533இல், ஹியரோனிமுஸ் வியட்டோர் அச்சகத்தில், பெனெடெக் கொம்யாத்தி மொழிபெயர்த்த புனித பவுலின் நிருபங்கள். காத்தலின் ஃப்ராங்கெபான் என்ற கைம்பெண் சீமாட்டி ஆதரித்தார். துருக்கியரோடு நடந்த மொஹாச் போரில் ஹங்கேரிய மன்னரே மாண்டு ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒரு மொழி தன் முதல் புத்தகத்தை அயலூரில் அச்சிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அயலூரும் இடம் கொடுத்தது. பழமொழியில் இதற்கு இடமில்லை.

பழமொழியில் இடம் கிடைக்காத இன்னொன்று 1657. டிரான்சில்வேனிய இளவரசர் இரண்டாம் கியோர்கி ராகோட்ஸி ஸ்வீடனோடு சேர்ந்துகொண்டு போலந்தின் மீது படையெடுத்தார். இதே கிராக்கோவில் ஹங்கேரியக் காவல்படை உட்கார்ந்திருந்தது. முடிவில் அவர் படையைச் சுல்தானுக்குக் கீழிருந்த தாத்தாரியர் பிடித்து கிரிமியாவுக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் தம்பி சண்டை என்று பூசி மெழுகக்கூடிய விஷயம் இல்லை அது.

ஆனால் அடுத்து நடந்ததைக் கேள். அவருடைய பேரன் இரண்டாம் ஃபெரென்ஸ் ராகோட்ஸி 1701 நவம்பரில், ஹங்கேரியை அப்போது ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசரின் சிறையிலிருந்து தப்பியபோது ஓடிப்போய்ச் சேர்ந்த இடம் போலந்து! தாத்தா சூறையாடிய நாடு பேரனை ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. இன்று உக்ரைனில் இருக்கும் பெரெஜானி கோட்டையில் இடம் கொடுத்தவர் எல்ஷ்பியெத்தா சியெனியாவ்ஸ்கா என்ற பிரபுக் குலத்துப் பெண். காதல் என்றும் சொல்வார்கள், அரசியல் என்றும் சொல்வார்கள். இரண்டும்தான் என்று நினைக்கிறேன். 1703இல் ஹங்கேரியரைக் கிளர்ச்சிக்கு அழைத்த அறிக்கை வெளியானதும் அங்கிருந்துதான். 1707இல் ரஷ்யாவின் பீட்டர், போலந்து மணிமுடியையே ராகோட்ஸிக்குத் தர முன்வந்தார். எட்டு ஆண்டுப் போர் தோற்றதும் 1711இல் மறுபடியும் போலந்து. பிறகு சாரோஷ் பிரபு என்ற பெயரில் டான்சிக் துறைமுகம், பிரான்ஸ், கடைசியில் துருக்கி.

ராகோட்ஸியின் கூடவே போன உதவியாளர் கெலெமென் மிகெஷ். இவருடைய எழுத்துகளின் ஆய்வுப் பதிப்பைக் கொண்டுவருவதில்தான் ஹோப் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். மர்மாரா கடலோரம் ரோடோஸ்டோ என்ற ஊரில் இருந்துகொண்டு, கான்ஸ்டான்டிநோபிளில் இருக்கும் அத்தைக்கு மிகெஷ் கடிதம் எழுதினார். 1717 முதல் 1758 வரை தேதியிட்டு 207 கடிதங்கள். விசேஷம் என்னவென்றால் அப்படி ஓர் அத்தையே கிடையாது. அவளை ஏன் பதில் போடவில்லை என்று கடிந்துகொள்கிறார், அவள் எழுதியதாகச் சொல்லிச் சிரிக்கிறார், ஊர் வம்பு எல்லாம் சொல்கிறார். ரோடோஸ்டோவை எவ்வளவு விரும்பினாலும் பிறந்த ஊரான ஸாகோனை மறக்க முடியவில்லை என்று ஓரிடத்தில் வருகிறது. அங்கே கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். ராகோட்ஸி 1735இல் இறந்துபோனார். மிகெஷ் ஊர் திரும்ப அனுமதி கேட்டும் கிடைக்கவில்லை. 1761இல் கொள்ளைநோயில் அங்கேயே முடிந்தார். கடிதங்கள் அச்சேறியது 1794இல்.

எனக்குப் பிடித்தது ஹோப் பிடித்துக்கொண்ட இழைதான். உடன்படிக்கைகளைப் படித்தால் இரு நாடுகளும் சேர்வதும் பிரிவதும் மட்டுமே தெரியும். அச்சகம், நாடிழந்தவனுக்குக் கதவு திறந்த வீடு, அவன் எழுதிய காகிதம் என்று பார்த்துக்கொண்டே போனால், 1657க்குப் பிறகும் உறவு ஏன் அறுந்துபோகவில்லை என்பது புரிகிறது. கோப்பையையும் முழுக்க ஒதுக்கிவிட மாட்டேன். டோக்காய் ஒயின் ஹங்கேரியில் பிறந்து போலந்தில் வளர்ந்தது என்று லத்தீனில் ஒரு வாசகம் உண்டு. பீப்பாய்கள் கிராக்கோ நிலவறைகளில்தான் முதிர்ந்தன. உனக்குச் சர்க்கரை, ஆகவே புட்டி எதிர்பார்க்காதே.

வரும் சனிக்கிழமை டெம்ப்னோ கோட்டைக்குப் போகலாம் என்று மகன் சொல்லியிருக்கிறான். பாலின்ட் பலாஷி என்ற ஹங்கேரியக் கவிஞர் நாட்டை விட்டு வந்து தங்கியிருந்த இடம். அந்த வீட்டுக்காரர் பாத்தோரியின் அரண்மனை அதிகாரி. கவிஞருக்கு அந்த வீட்டுக்காரரின் மனைவி மேல் மையல்! அதை மீனாட்சி வாசிக்கக் கேட்பது உனக்குச் சங்கடம். உன் கண் சரியானதும் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்