உள்ளே போய்ச் சேரும் கடிதம்

ராயபுரம்
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே தடைக்காலம் முடிந்து காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. ராயப்பர் கோயில் பூசையில் ஆண்கள் பக்கம் பாதி பெஞ்சு காலி.

ரஷ்யச் சிறையில் இருக்கும் யெகோவாவின் சாட்சிகள் என்ற சபையாருக்கு உங்கள் பங்குக் கோயில் இளைஞர்கள் கடிதம் எழுதப்போகிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. "அவங்க நம்ம சபை இல்லையே" என்று ஒருவர் தயங்கினாராமே, அவரிடம் வழக்கு என்னவென்று சொல். 2017 ஏப்ரல் 20 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்களுடைய சபையைத் தீவிரவாத அமைப்பு என்று தடை செய்தது. அதிலிருந்து, நாலு பேர் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசித்துப் பாடினாலே குற்றவியல் சட்டம் 282.2 பாய்கிறது. கலந்துகொண்டவருக்கு 2 முதல் 6 வருஷம், முன்னின்று நடத்தியவருக்கு 6 முதல் 10. 'ஜெபம் செய்தார்' என்று எந்த அரசும் குற்றப்பத்திரிகையில் எழுதாது, வேறு பெயர்தான் வைக்கும். நிகரகுவாவில் நம் கத்தோலிக்க ஆயர் ரோலாண்டோ அல்வாரெஸ், நாடு கடத்தும் விமானத்தில் ஏற மறுத்தார். மறுநாளே, 2023 பிப்ரவரி 10 அன்று, தேசத்துரோகி என்று 26 வருஷம் 4 மாசம் சிறை விதித்துவிட்டார்கள்.

இனி கடிதம். புழல் சிறையில் கைதிகளை மனு போட்டுப் பார்க்கப் போகிறவர்களைக் கேள், உள்ளே போகும் எதையும் முதலில் பிரிப்பது காவலர்தான் என்பார்கள். ரஷ்யச் சிறையிலும் தணிக்கையாளர்தான் முதல் வாசகர். ரஷ்ய மொழியில் இல்லாவிட்டால் அவர் மேஜையிலேயே கிடக்கும். அதனால் தமிழில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதி, போனில் ரஷ்ய மொழிக்கு மாற்றி, அதைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து அர்த்தம் பிசகவில்லையா என்று பார்க்கட்டும். ஒரு பக்கம் போதும். வழக்கு, நீதிபதி, போர் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அந்த ஒரு வரிக்காக முழுக் கடிதமும் நின்றுபோகும். கடல், மழை, வீட்டுச் சமையல் என்று எழுதட்டும். கண்டனம் எழுத வேண்டுமா, தூதரகத்துக்குத் தனி மனு போடட்டும். ஒரே தாளில் கலந்தால் இரண்டும் கெடும்.

உறையில் கைதியின் தந்தைவழிப் பெயரோடு முழுப்பெயரும் பிறந்த வருஷமும் வேண்டும். விசாரணைச் சிறையிலிருந்து தண்டனை முகாமுக்கு மாற்றியிருந்தால் பழைய முகவரி உதவாது. அனுப்புகிற வாரம் ஒருமுறை சரிபாருங்கள். பணம் வைக்கக்கூடாது. பதில் எழுத வெற்றுத்தாள் இரண்டு வைக்கலாம். நம் தபால்தலை அங்கே செல்லாது என்பதால், பதில் வராவிட்டால் பையன்கள் சோர்ந்துபோக வேண்டாம்.

ஒரு துண்டுக் கடிதம் என்ன செய்துவிடும் என்பவருக்கு வியட்நாம் பேராயர் நுயென் வான் துவானைச் சொல். 1975-இல் மாதா விண்ணேற்புத் திருநாளன்று கைதானவர். 13 வருஷம் காவல், அதில் 9 தனிமை. வயிற்றுவலிக்கு மருந்து வேண்டும் என்று வெளியே எழுதினார். சனங்களுக்குப் புரிந்தது. 'வயிற்று மருந்து' என்று சீட்டு ஒட்டிய குப்பியில் பூசைக்கான திராட்சை ரசம் வந்தது. அப்பத்தை ஈரம் படாமல் டார்ச் லைட்டுக்குள் வைத்திருந்தார்கள். உள்ளங்கையில் மூன்று சொட்டு ரசம், ஒரு சொட்டுத் தண்ணீர். அப்படித்தான் பூசை வைத்தார்.

ரஷ்ய எழுத்தில் முகவரி எழுதத்தான் பையன்கள் திணறுவார்கள். அச்செடுத்து ஒட்டச் சொல். முதல் கட்டு தபாலில் போனதும் எனக்கு ஒரு வரி போடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்