நடைப்பயிற்சியாளர் சங்கம், செங்கோட்டை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸாப்பில் வரும். அதையும் அவர்கள் திறக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. சாரல் நேரத்தில் குற்றாலம் போய்வந்தோம். வேன் வாடகையில் வந்த மனஸ்தாபம் தீர்ந்துவிட்டது.

இனி மரப் பதிவேடு, அதாவது நம் நடைபாதை மரங்கள் எப்போது துளிர்க்கின்றன, பூக்கின்றன என்று வாராவாரம் குறிக்கிற நோட்டு. டிசம்பர் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், "மரத்தைப் பாக்கதுக்குச் சங்கப் பணமா?" என்று கேட்டார். அவர் இன்று வரவில்லை. இருந்தாலும் பதில் சொல்வது என் கடமை.

நம் ஊர் 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் மலையாளிகளைப் போல விஷுவுக்குக் கொன்றைப்பூவோடு கனி வைக்கிற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. போன சித்திரை ஒன்றாம் தேதிக்கு, நம் நடைபாதைக் கொன்றையில் ஒரு கொத்துப் பூகூட மிஞ்சவில்லை. பங்குனியிலேயே பூத்துக் கொட்டிவிட்டது. தலைவர் வீட்டுக் கனித்தட்டிலேயே கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கொன்றைதான் இருந்தது. (தலைவர் மன்னிக்கவும்.) எந்த வாரம் பூத்தது என்று விசாரித்தால், தினமும் அதன் அடியில் நடக்கிற 41 பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பதிவேடு அங்கேதான் தொடங்கியது.

முறை என் கற்பனை அல்ல. கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் செய்வதுதான். ஒரே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, தளிர், மொட்டு, பூ, காய் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். வேம்பு, புங்கம், அரசு, இலவு, கொன்றை, இலுப்பை, மா என்று ஏழு மரத்துக்கு எண் போட்டு, மரத்துக்கு இரண்டு பேர் என்று பிரித்தோம். கார்த்திகை வரை எல்லாரும் ஒழுங்காக எழுதினார்கள், ஏனென்றால் எழுத ஒன்றுமில்லை. தையில் இலவு இலையெல்லாம் கொட்டி, மொட்டைக் கிளையில் சிவப்புப் பூவும் மைனாக்களுமாக நின்றபோது, பொறுப்பாளர் இருவரில் ஒருவர் பேரனைப் பார்க்கச் சென்னை போய்விட்டார், மற்றவருக்கு முழங்கால் வலி. புங்கத்துக்கு ஒருவர் நான்கு வாரத்தையும் ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதியிருக்கிறார். மாசியில் புங்கம் இலை கழித்து, கண்ணாடி மாதிரி பச்சைத் தளிர் விட்டு நிற்கும்போது, அவர் பதிவில் அது இன்னும் மார்கழியிலேயே இருக்கிறது.

மாமரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தைப்பனியிலும் மூடாப்பிலும் தத்துப்பூச்சி விழுந்து பூங்கொத்து கருகிவிட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் எப்படி என்று பார்க்க, மாசியில் என் கைக்காசில் புனலூர் ரயிலேறினேன். பகவதிபுரம் தாண்டிக் குகையைக் கடந்தால் வேறு நாடு. இங்கே வேம்பு அப்போதுதான் செம்புத் தளிர் விடுகிறது. அங்கே ரப்பர் முழுக்க இலை உதிர்த்துத் துளிர்த்தே முடித்துவிட்டது. ரப்பர்க்காரர்கள் பால்வெட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டத்தில் தேன்பெட்டி வரிசையாக இருந்தது. தேன் பூவில் வருவதில்லையாம், இளந்தளிரின் காம்பு நுனியில் ஊறுகிற இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. அதே மலையில் தேக்கு மட்டும் மொட்டையாக நின்றது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று. நம் உறுப்பினர் ஒருவரின் மகன் டோக்கியோவில் இருக்கிறார். அங்கே யாசுகுனி கோயில் வளாகத்தில் ஒரு செர்ரி மரம் இருக்கிறது. வானிலைத் துறையின் ஆள் நேரில் போய் எண்ணி, ஐந்தாறு பூ விரிந்திருந்தால்தான் டோக்கியோவில் பூத்துவிட்டது என்று அறிவிப்பார்கள். கியோட்டோவில் 9ஆம் நூற்றாண்டிலிருந்து குறிப்பு இருக்கிறது. அதனால்தான் 2021இல் மார்ச் 26 அன்று முழுதாகப் பூத்தபோது, அதுவரை 1,200 ஆண்டில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று சொல்ல முடிந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் எழுதத் தொடங்கியதை, அவர் குடும்பம் 1958 வரை தொடர்ந்தது. நம் சங்கத்தில் அது கார்த்திகையைத் தாண்டவில்லை.

நான் பார்த்தவரை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குளத்தங்கரை இலுப்பை இரவில் பூத்து விடியற்காலையில் கொட்டிவிடும். ஆறரைக்கு நடக்க வருகிறவர் கண்ணில் படவே படாது. போன வாரம் ஐந்து மணிக்கு டார்ச்சோடு போனேன். வௌவால் இரைச்சல், கிறங்கடிக்கிற வாசம், தரையெல்லாம் வெளிர்மஞ்சள் முத்து மாதிரி பூ. ஒன்றைப் பிதுக்கினால் விரல் பிசுபிசுத்தது, வாயில் போட்டால் தித்தித்தது. பெருக்க வந்த அம்மா, "என்ன சார், ஏதும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். பதிவேட்டில் இலுப்பைக்கு இருக்கிற ஆறு வரியும் என் கையெழுத்துதான்.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக இருக்கிறது, விவரம் பொருளாளரிடம் உண்டு. பதிவேட்டுக்கான செலவு ஒரு நீள நோட்டு, தகர எண்கள், பெயிண்ட், டார்ச் பேட்டரி, அவ்வளவுதான். குற்றாலத்தில் பஜ்ஜிக்கு இதைவிட அதிகம் ஆனது. ஆண்டுச் சந்தா 300 ரூபாய், 19 பேர் இன்னும் தரவில்லை. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

முகாமுக்கு வந்த மருத்துவருக்கும், நாற்காலி தந்தவருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தேநீர்க் கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். பதிவேட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன், ஆனால் அதை வாரம் தவறாமல் எழுதுகிறவராக இருக்க வேண்டும். அதுவரை ஒரு சின்ன வேண்டுகோள். இலுப்பை இன்னும் சில நாள் பூக்கும், கொன்றையில் மொட்டு திரண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குக் குளத்தங்கரைக்கு வாருங்கள். டார்ச் உங்களுடையது. சந்தா ரசீதுப் புத்தகத்தையும் கொண்டு வருகிறேன், சில்லறை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்