பழைய வண்டிக்கு எலெக்ட்ரிக் ஃபேன்: நாங்கள் ஏன் அரை நாள் கேட்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை பிறந்துவிட்டால் மலை ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். சபரிமலை சீசனுக்காகக் கம்பம் மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கினாலும் கூட்டம் கூட்டம்தான். முன்னால் போகிற பஸ் நின்றால் நாமும் நிற்க வேண்டும். அந்த இடத்தில்தான் பழைய அம்பாசடரும் பத்மினியும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற மகேந்திரா ஜீப்பும் கொதிக்கின்றன. மேலேயிருந்து வருகிற மலையாள ஓட்டுநர்கள் "ஹீட்டாகுன்னு" என்பார்கள், நம் ஆட்கள் "தண்ணி கொதிக்குது" என்பார்கள். இரண்டு பேரும் கேட்பது ஒன்றுதான்: "ரேடியேட்டருக்கு ஒரு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டிவிடுங்க, அரை மணி நேர வேலைதானே."

மாட்டுவது அரை மணி நேரம்தான். ஒயரிங்குக்குத்தான் மீதி நேரம். அதில் என்ன இருக்கிறது, எதைச் செய்ய மறுக்கிறோம், ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில், உங்கள் வண்டிக்கு ஃபேன் வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேனி ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே சூடு காட்டுகிற முள் ஏறினால் ஃபேனால் பயன் இல்லை. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே போதும். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டியிருக்கும், அல்லது டைமிங் தவறியிருக்கும். ஓடும்போது சரியாக இருந்து, நின்றால் மட்டும் சூடேறினால்தான் காற்று போதவில்லை என்று அர்த்தம். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். குமுளி சுமார் 900 மீட்டர் உயரம். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். போடி மெட்டு அதைவிட உயரம், அங்கே இன்னும் சீக்கிரம். ஒரு மூடி மாற்றினால் தீருகிற வேலைக்கு ஃபேன் மாட்டுவதில் எங்களுக்கு இஷ்டமில்லை.

அடுத்தது சார்ஜிங். பானட்டைத் திறந்து, பேட்டரிக்குக் கரெண்ட் ஏற்றுகிற பாகத்தைப் பாருங்கள். நீளமான ஒல்லி உருளையாக இருந்தால் டைனமோ, குட்டையாகக் குண்டாக இருந்தால் ஆல்டர்னேட்டர். அந்தக் கால டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர் அளவுதான். ஐடிலிங்கில் ஒன்றுமே வராது, அதனால்தான் நிற்கும்போது சிவப்பு பல்பு மினுக்குகிறது. ஃபேன் சுற்ற வேண்டியதும் நிற்கும்போதுதான். அப்படியானால் அது முழுக்க பேட்டரியைத்தான் தின்னும். டைனமோ வண்டிக்கு, ஆல்டர்னேட்டர் மாற்றாமல் நாங்கள் ஃபேன் மாட்டுவதில்லை.

ஆல்டர்னேட்டர் இருந்தாலும் ஒரு கணக்குப் போட வேண்டும். மழை இரவில் மலை ஏறுகிற வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் இரண்டும் 60 வாட் என்றால் 10 ஆம்பியர், வைப்பர் 3 முதல் 4, இக்னிஷன் காயில் அதே அளவு, டெயில் லைட்டும் மீட்டர் பல்புகளும் 2. இதற்கு மேல் ஃபேன் 12. மொத்தம் 30 ஆம்பியரைத் தொடுகிறது. 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்று முத்திரை இருந்தாலும் ஐடிலிங்கில் அதில் பாதி வருவதே கஷ்டம். எல்லாவற்றையும் போட்டு, ஐடிலிங்கில் பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சரி. 12.5-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பழைய வண்டியில் ஃபேனுக்கு கரெண்ட் எங்கிருந்து எடுப்பது? சாவி சுவிட்சிலிருந்து ஒரு ஒயர், டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச், அங்கிருந்து நேராக ஃபேன். ரோட்டோரத்தில் இப்படித்தான் செய்து தருகிறார்கள், அன்றைக்கு ஃபேன் நன்றாகவே சுற்றும். நாங்கள் இதைச் செய்ய மாட்டோம்.

காரணம் இது. அந்த சாவி சுவிட்சின் உள்ளே இருக்கிற பித்தளைத் தகடு பல வருஷம் தேய்ந்தது. அதில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள், மீட்டரில் அது கண்ணுக்கே படாது. 12 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு புள்ளியில் 14 வாட் சூடு பிறக்கிறது. சின்ன சால்டரிங் இரும்பு 15 வாட்தான். அதை டாஷ்போர்டுக்குள், பஞ்சும் ரெக்சினும் பழைய துணி சுற்றிய ஒயர்களும் இருக்கிற இடத்தில், ஒரு மணி நேரம் எரிய விட்ட மாதிரி. கழற்றிப் பார்த்தால் தெரியும்: டெர்மினல் நீலம் பாய்ந்து, பக்கத்து பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒயரின் தோல் விரல் பட்டதும் பொரியாக உதிரும்.

இன்னொன்று. இக்னிஷன் கரெண்டோடு ஃபேனைச் சேர்த்துவிட்டால் சாவியை அணைத்ததும் சுற்றிக்கொண்டிருக்கிற மோட்டார் தானே ஜெனரேட்டராகி காயிலுக்குக் கொஞ்ச நேரம் கரெண்ட் கொடுக்கும். பெட்ரோல் வண்டி "சாவி எடுத்தும் நிற்க மாட்டேங்குது" என்று வருவதில் இதுவும் ஒரு காரணம்.

ஆகவே ரிலே: சின்ன கரெண்டால் பெரிய கரெண்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச். 30 ஆம்பியர் ரிலேயின் உள்ளே இருக்கிற காயில் எடுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. பழைய சாவி சுவிட்ச் அதை மட்டும் சுமந்தால் போதும். ஃபேனின் பெரிய கரெண்ட் பேட்டரியிலிருந்து தனி வழியில் போய்விடும், பழைய ஒயரிங்கைத் தொடவே தொடாது. ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். நாங்கள் கொடுக்கிற கனெக்ஷன் இப்படி:

30: ஸ்டார்ட்டர் சொலினாய்டின் பேட்டரி பக்க போல்ட்டிலிருந்து, ஃபியூஸ் வழியாக.
87: ஃபேனின் பாசிட்டிவுக்கு.
86: சாவி போட்டால் கரெண்ட் வருகிற ஒயரிலிருந்து, 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக.
85: தெர்மோ சுவிட்சுக்கு (தண்ணீர் சூடானதும் தானே ஃபேனைப் போடுகிற சுவிட்ச்), அங்கிருந்து எர்த்துக்கு.

87ஏ என்று நடுவில் ஒரு கால் இருந்தால் அதைத் தொட வேண்டாம். அதில் மாட்டினால் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது ஃபேன் சுற்றும், கொதிக்கும்போது நிற்கும். டயோடு வைத்த ரிலே என்றால் 85-ஐயும் 86-ஐயும் மாற்றக் கூடாது, மாற்றினால் தெர்மோ சுவிட்ச் ஃபேனைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் சின்ன ஃபியூஸ் போகும். மிகப் பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில் பூட்டியிருக்கும். அப்படி இருந்தால் இந்த வரைபடம் அப்படியே பொருந்தாது, எங்களிடம் சொல்லிவிடுங்கள். ஹாரன் ரிலேயை இதற்குப் போடாதீர்கள். அது ஒரு நொடி இரண்டு நொடி வேலைக்குச் செய்தது.

ஃபியூஸ் ஃபேனுக்காக அல்ல, ஒயருக்காக. அதனால் அது ஃபேன் பக்கத்தில் இருந்து பிரயோசனம் இல்லை, கரெண்ட் எடுக்கிற போல்ட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். போல்ட்டுக்கும் ஃபியூஸுக்கும் நடுவே இருக்கிற ஒயர் பாடியில் உரசினால் அதைக் காப்பாற்ற யாரும் இல்லை. 12 ஆம்பியர் எடுக்கிற ஃபேனுக்கு 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், மஞ்சள் நிறம். ஸ்டார்ட் ஆகும்போது ஃபேன் ஒரு கணம் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், அதைத் தாங்கும். இலை மாட்டி மோட்டார் நின்றுபோனால் ஃபியூஸ் எரிந்துவிடும். இரண்டும் வேண்டும். பச்சை நிற 30 ஆம்பியர் போட்டால் ஒயரும் 4 ஸ்கொயராக (சதுர மில்லிமீட்டர், கம்பியின் கனம்) இருக்க வேண்டும். பழைய கண்ணாடி ஃபியூஸையும் பத்மினியின் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸையும் இந்த வேலைக்கு நம்புவதில்லை, பிடிப்பு தளர்ந்து அதுவே சூடேறும். எரிந்த ஃபியூஸில் சிகரெட் பெட்டித் தாள் சுற்றுகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 1 ஸ்கொயர் ஒயரில் டாஷ்போர்டு வரை போய்த் திரும்பினால் 6 மீட்டர். 12 ஆம்பியரில் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும், ஃபேன் சோர்ந்து சுற்றும். அதையே மட்கார்டில் ரிலே வைத்து 2.5 ஸ்கொயரில் 3 மீட்டருக்குள் முடித்தால் கால் வோல்ட்தான் நஷ்டம். வீட்டு ஒயர் வாங்கி வராதீர்கள். ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்வில் உள்ளே முறிந்து வெளியே முழுசாகத் தெரியும். வீட்டு ஒயரின் தோல் பெரும்பாலும் 70 டிகிரிக்குச் செய்தது, சைலன்ஸர் மேனிஃபோல்டு பக்கத்தில் இளகிவிடும். எங்களிடம் இருப்பது மெல்லிய பல இழைகள் உள்ள ஆட்டோ ஒயர். அதை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, தகட்டில் துளை வருகிற இடமெல்லாம் ரப்பர் வளையம் போடுவோம். ஏலக்காட்டில் இரவு நிற்கிற வண்டிக்கு அந்தக் குழாய் எலிக்கும் சேர்த்துத்தான்.

முறுக்கி டேப் ஒட்டுகிற ஜாயின்ட் கூடாது. எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்து ஒரே மாதத்தில் அவிழ்ந்து நிற்கும். ஒயர் முனையில் லக் வைத்து, அழுத்திக் கிரிம்ப் செய்து, மேலே சூட்டில் சுருங்குகிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். கிரிம்ப் செய்ததும் ஒயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள், வந்தால் அது கிரிம்ப் இல்லை.

எர்த்தில்தான் பாதி வண்டி தவறுகிறது. ரேடியேட்டர் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும், அதன் சட்டத்தில் எர்த் கொடுத்தால் கரெண்ட் வழி தேடி அலையும். ஃபேனின் நெகட்டிவ்வை அதே 2.5 ஸ்கொயரில் கொண்டுபோய், பேட்டரி எர்த் பூட்டியிருக்கிற இடத்திலேயோ பக்கத்திலேயோ, பெயின்ட்டை வெள்ளைத் தகடு தெரியும் வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். துருவின் மேல் பூட்டிய எர்த் கோடையில் வேலை செய்யும், ஜூன் மழையில் நின்றுவிடும்.

தெர்மோ சுவிட்ச் எத்தனை டிகிரி? எஞ்சின் தெர்மோஸ்டாட் 82-இல் திறக்கிறது என்றால் சுவிட்ச் அதற்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் விடிய விடிய நிற்காது. மேல் தொட்டியிலோ மேல் ஹோஸிலோ வைப்பதாக இருந்தால் 92-இல் போட்டு 87-இல் அணைக்கிற சுவிட்ச் நமக்குப் போதும். 98 டிகிரி சுவிட்ச் சமவெளிக்குச் சரி. மூடி லேசாக ஒழுகுகிற வண்டியில் மெட்டின் மேல் அது கூப்பிடுவதற்குள் தண்ணீர் கொதித்திருக்கும். பித்தளை ரேடியேட்டர் என்றால் ரேடியேட்டர் பட்டறையில் தொட்டியில் ஒரு மரை வைத்து ஈயம் பற்றித் தருவார்கள், அதுதான் நல்லது. ஹோஸை வெட்டி இரும்புக் குழாய் செருகி அதில் சுவிட்ச் வைக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இரண்டு பக்கமும் ரப்பர். ஒற்றைக் கால் சுவிட்சுக்கு அங்கே எர்த்தே கிடையாது, குழாயிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். நாங்கள் இரண்டு கால் சுவிட்சே போடுகிறோம். ஹோஸ் ஓரத்தில் மெல்லிய குழாயை நுழைக்கிற வகையைப் போடுவதில்லை. அந்த இடத்தில் என்றைக்காவது ஒழுகும்.

டாஷ்போர்டில் ஒரு கை சுவிட்சும் வேண்டுமென்றால் தெர்மோ சுவிட்சுக்கு இணையாகக் கொடுக்கலாம், 1 ஸ்கொயர் ஒயர் போதும். கை சுவிட்ச் மட்டும் வேண்டாம், பேசிக்கொண்டே ஓட்டும்போது அதைப் போட மறப்பீர்கள். 87-இலிருந்து ஒரு சின்ன பல்பு டாஷ்போர்டுக்குக் கொடுக்கிறோம், ஃபேனுக்குக் கரெண்ட் போகிறதா என்று தெரிய. பழைய டீசல் வண்டிக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: ஸ்டாப் கம்பியை இழுத்து எஞ்சினை நிறுத்திவிட்டு சாவியை அப்படியே விட்டுப் போவது உங்கள் வழக்கம். சூடான வண்டியில் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மீட்டர் உள்ள ஜீப்பில் ஃபேன் சுற்றும்போது முள் சார்ஜ் பக்கம் நிலையாக நிற்கும். நாங்கள் பேட்டரி பக்கத்திலிருந்து எடுப்பதால் அப்படிக் காட்டும், பயப்பட வேண்டாம்.

ஃபேன் எது? ஜீப்புக்குப் பழைய பெல்ட் ஃபேனைக் கழற்றாமல், ரேடியேட்டருக்கு முன்னால் தள்ளுகிற வகை 12 அங்குல ஃபேன் வைப்பதுதான் எங்கள் விருப்பம். ஒன்று போனாலும் மற்றது வீடு சேர்க்கும். காற்று முன்னாலிருந்து எஞ்சின் பக்கம்தான் போக வேண்டும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் திசை மாறும், ஆனால் இறக்கையின் வளைவு அதற்கானது இல்லை என்றால் பாதிக் காற்றுதான் வரும். ஒரு துண்டுத் தாளைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய இரும்புக் கடையிலிருந்து மாருதி 800 ஃபேன் கொண்டுவந்தாலும் மாட்டித் தருவோம், கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்த பிறகு. புஷ் தேய்ந்த மோட்டார் அதிகம் இழுக்கும். ரேடியேட்டர் துடுப்புகளுக்குள் பிளாஸ்டிக் டை நுழைத்துக் கட்டச் சொல்லாதீர்கள். அது ஆடி ஆடிக் குழாயை ஓட்டையாக்கும். பட்டைத் தகடு அடித்துப் பக்கச் சட்டத்தில்தான் பூட்டுவோம். ரிலே மட்கார்டில், கால்கள் கீழே பார்க்க, தண்ணீர் தங்காதபடி.

வேலை முடிந்ததும் ஃபேனை ஓடவிட்டு உங்கள் முன்னாலேயே மீட்டர் வைப்போம். பேட்டரி பாசிட்டிவுக்கும் ஃபேன் பாசிட்டிவுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்குள், நெகட்டிவ் பக்கம் 0.2-க்குள் இருக்க வேண்டும். பிறகு இருபது நிமிஷம் ஐடிலிங். அதன் பிறகு ஃபியூஸ் பெட்டியையும் ரிலேயின் அடியையும் நீங்களே தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த ஜாயின்ட்டைத் திரும்பச் செய்வோம்.

வீட்டிலேயே செய்துகொள்கிறவர்கள் பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். சாவி போட்டிருக்கும்போது ஃபேன் சொல்லாமல் சுற்றும், விரலை உள்ளே விட வேண்டாம்.

எங்களிடம் தருவதாக இருந்தால் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை நிறுத்திவிட்டுப் போங்கள். மலையிலிருந்து நேராக இறங்கி வந்த வண்டியின் ரேடியேட்டரை நாங்கள் திறக்க மாட்டோம்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து, கம்பம்